கண்ணாடிப் பியூஸ்

ஊரை விட்டு வந்த நம் சனம் நிறைய இருக்கும் மில்லிக்கனில் ஒரு பிளாசாவின் பின்பக்கத்தில், எலெக்ட்ரீசியன்மார் கையில் வைத்து மின்சாரம் அளக்கும் மீற்றர்களைப் பழுதுபார்க்கும் ஷொப் ஒன்று இருக்கிறது. றெமிஜியஸ் அங்கே பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறார். சும்மா சொல்லக்கூடாது, மனிதர் கெட்டிக்காரர். அந்த நினைப்பும் அவருக்குக் கொஞ்சம் கூடத்தான். யாராவது வயரைக் கழற்றாமல் ஒரு மீற்றரைத் திறந்துவிட்டால் போதும், கிழி கிழியென்று கிழிப்பார். "எந்தப் பியூஸ் இருந்ததோ, அதே பியூஸ்" என்று சுவரில் எழுதி ஒட்டியவரும் அவர்தான்.

அப்படிப்பட்டவர் செய்த வேலையைப் பாருங்கள்.

ஒரு சனிக்கிழமை அவருடைய கூட்டாளி பஸ்ரியன் தன் வேலை மீற்றரோடு வீட்டுக்கு வந்தான். எலெக்ட்ரீசியன், பக்கத்து நகரமான அஜக்ஸில் இருக்கிறான், ஊரில், பாசையூரில், இருவரும் ஒரே வகுப்பு. மீற்றரில் பியூஸ் போயிருந்தது. அதற்குரியது மண் நிரப்பிய பீங்கான் பியூஸ். அது ஷொப்பில் இருந்தது. வீட்டுப் பேஸ்மென்றில் இருந்ததோ பழைய ரேடியோவின் கண்ணாடிப் பியூஸ். அளவாகப் போய் அமர்ந்தது. சண்டைக்காலத்தில் பியூஸ் கிடைக்காமல் சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுற்றி ரேடியோ திருத்திய கை அது. அந்தக் கைக்கு இது ஒரு குற்றமாகவே படவில்லை.

"இப்போதைக்கு ஓடும். கிழமைக்குள்ள சரியானதைப் போட்டுத் தாறன்," என்றார்.

"நீ போட்டாச் சரி, மச்சான்," என்றான் பஸ்ரியன்.

கிழமை போனது, மாதமும் போனது. றெமிஜியஸ் மறந்தே போனார்.

மார்ச்சில் ஒரு நாள் பஸ்ரியன் வேலை அவசரத்தில் மீற்றரின் வயரைத் தவறான துளையில் செருகிவிட்டு அறுநூறு வோல்ற்றைத் தொட்டான். மனிதன் இப்படிப் பிழை விடுவான் என்று தெரிந்துதான் பீங்கான் பியூஸ் வைக்கிறார்கள். அது தனக்குள்ளேயே எரிந்து அடங்கிவிடும். கண்ணாடி அடங்குமா? மீற்றர் கையிலேயே வெடித்தது. வலக்கை வெந்துபோனது. அவனுடைய கொம்பனி அவனை வீட்டில் நிற்கச் சொல்லிவிட்டு, காரணம் கேட்டு மீற்றரை ஷொப்புக்கு அனுப்பியது. பதிலைப் பார்த்துத்தான் அவனுக்கு வேலை உண்டா இல்லையா என்று முடிவு. அந்தக் கொம்பனியின் மீற்றர்கள் எல்லாம் வந்து சேர்வது றெமிஜியஸின் மேசைக்குத்தான்.

மூடியைத் திறந்தார். கரியோடு கண்ணாடித் துண்டுகள். பத்தொன்பது வருடப் பேர், சுவரில் ஒட்டிய எழுத்து, எல்லாம் கண்முன்னே வந்தன. பஸ்ரியனின் கைதான் வரவில்லை. துண்டுகளை வழித்துக் குப்பையில் போட்டார். எரிந்த பீங்கான் பியூஸ் ஒன்றைத் தேடி எடுத்து அந்த இடத்தில் வைத்தார். "பியூஸ் சரியானது. பாவித்தவரின் கவனக்குறைவு" என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தார். சீ, இவரும் ஒரு கூட்டாளியா!

மூன்றாம் நாள் மனேஜர் நிரோஷினி கூப்பிட்டாள். இந்த நாட்டிலேயே பிறந்த பிள்ளை. அவளுடைய மேசையில் இவர் எழுதிய றிப்போட்டும் பக்கத்தில் இன்னொரு கடிதமும் கிடந்தன.

"அங்கிள், இது காயப்பட்டவர் குடுத்த ஸ்ரேற்மென்ற். வெடிக்கேக்க கண்ணாடி பறந்ததாம். அந்தப் பியூஸைத் தானே வாங்கிப் போட்டவராம், வேற ஒருத்தரும் மீற்றரைத் திறக்கேல்லையாம். பட் நீங்கள் பீங்கான் எண்டு எழுதியிருக்கிறியள்."

கடிதத்தின் கீழே பஸ்ரியனின் கையெழுத்து. இடக்கையால் வைத்திருக்கிறான், கோணல்மாணலாகக் கிடந்தது. றெமிஜியஸுக்கு எல்லாம் விளங்கியது. இவருடைய பேரைக் காப்பாற்ற அவன் தன் வேலையைத் தூக்கிக் கொடுத்திருக்கிறான். இவர் என்ன செய்திருக்கிறார்? வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்தக் கையெழுத்தைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

"ரெண்டில எது உண்மை, அங்கிள்?"

"ரெண்டும் பொய், பிள்ளை. அந்தக் கண்ணாடியைப் போட்டது நான். வழிச்சு எறிஞ்சதும் நான்தான்."

அவள் எழுதாத படிவம் ஒன்றை அவர் பக்கம் தள்ளினாள். நடந்ததை நின்றபடியே எழுதி முடித்தார்.

"காயப்பட்டவருக்கும் இதில ஒரு கொப்பி அனுப்பவேணும்," என்றாள்.

"நானே கொண்டுபோய்க் குடுக்கிறன். முதல் எழுதினதையும் தாங்கோ, பிள்ளை. அவன் அதையும் வாசிக்கோணும்."