நான் எழுதிய ஐந்நூறு மீட்டர் தீர்மானம்

இரண்டு மூன்று வருஷங்களுக்கு முன்னால், சித்திரைத் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்த சமயம். சமயநல்லூரைத் தாண்டி நாங்கள் குடியிருக்கும் ஊரில் நடந்தது இது. ஊர் என்றால் பழைய தெருக்கள் நாலு, அவற்றை ஒட்டி பிளாட் போட்டு விற்ற இடத்தில் என்னைப் போன்றவர்கள் லோன் வாங்கிக் கட்டிய வீடுகள் கொஞ்சம், ஒரு கண்மாய், ஒரு சுடுகாடு.

எனக்கு வேலை தல்லாகுளம் பக்கம், சட்டப் புத்தகங்கள் விற்கும் ஒரு கடையில். கணக்கு எழுதுகிறேன். இத்தனை வருஷம் சட்டப் புத்தகங்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பவனுக்குச் சட்டம் தெரியாமல் இருக்குமா என்று ஊர் நம்பியது. ஊர் நம்புகிறதே என்று நானும் நம்பிவிட்டேன். மருந்துக்கடை வாசலில் படுத்திருக்கும் நாயிடம் காய்ச்சலுக்கு யாரும் மாத்திரை கேட்பதில்லை. மனிதனுக்கு மட்டும் அப்படியொரு மரியாதை கிடைக்கிறது.

அந்த ஏப்ரலில் ஒரு ஜீப் வந்தது. இறங்கியவர்கள் வீடுகளுக்குப் பின்னால் இருந்த தரிசில் அங்கங்கே முளைக்குச்சி அடித்து, அதில் சிவப்புத் துணி கட்டிவிட்டுப் போனார்கள். என்ன ஏது என்று கேட்டதற்கு, "சும்மா பாக்குறோம்" என்றார்களாம். சும்மா பார்ப்பவன் எதற்குக் குச்சி அடிக்கிறான்? மறுநாள் காலை டீக்கடையில் விஷயம் முடிவாகிவிட்டது. பூமிக்கடியில் எண்ணெயும் கேஸும் இருக்கிறதாம், துளை போட வரப்போகிறார்களாம்.

"நம்ம ஊர்ல எடுத்தா நம்மளுக்கு லிட்டருக்குக் கொறச்சுத் தருவாய்ங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

"தருவாய்ங்க. நீ பாத்திரத்த எடுத்துட்டு வரிசைல நில்லு" என்றான் மாப்ள.

இந்த மாப்ள என் மனைவி வழியில் தூரத்துச் சொந்தம், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். ஊரில் எது நடந்தாலும் முதலில் சட்டைக் கையை மடிப்பவன் அவன்தான். என்னைப் பார்த்ததும், "மாமா, நீங்க சட்டம் படிச்சவுக. இத விடக் கூடாது" என்றான். நான் படித்தது பி.காம். அதை அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

மே தினக் கிராம சபையில் தீர்மானம் போடுவது என்றும், அதை நான் எழுதுவது என்றும் முடிவாயிற்று. வேறு மாவட்டங்களில் வீட்டுக்கு அருகே எண்ணெய்க் கிணறு தோண்டியதைப் பற்றியெல்லாம் பேப்பரில் நிறையப் படித்திருந்தேன். இரைச்சல், அதிர்வு, தூசி, நிலத்தடி நீர் என்று வரிசையாக எழுதினேன். எழுத எழுத எனக்கே உடம்பு சிலிர்த்தது. கடைசியில் ஒரு சந்தேகம் வந்தது. நாளைக்கு அந்தக் கம்பெனிக்காரன், 'எண்ணெய்க்கு இல்லை, மண்ணைப் பரிசோதிக்கிறோம், தண்ணீர் மட்டம் பார்க்கிறோம்' என்று வேறு பெயர் சொல்லிக்கொண்டு வந்தால்? அந்த ஓட்டையையும் அடைத்தேன். 'எந்த ஒரு குடியிருப்பிலிருந்தும் ஐந்நூறு மீட்டர் தொலைவுக்குள், எவரும், எந்த இயந்திரத்தைக் கொண்டும், எந்த நோக்கத்துக்காகவும், நிலத்தில் ஆழ்துளை இடக் கூடாது.'

மனைவியிடம் படித்துக் காட்டினேன். "எவரும், எந்த, எந்தன்னு இம்புட்டு எந்த எதுக்கு?" என்றாள். சட்ட மொழி அவளுக்குப் புரியாது என்று விட்டுவிட்டேன்.

மே ஒன்றாம் தேதி பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் சபை கூடியது. தெருவிளக்கு, சாக்கடை, நூறு நாள் வேலை எல்லாம் பேசி முடித்து என் முறை வருவதற்குள் நிழல் நகர்ந்து பாதிப் பேர் வெயிலுக்கு வந்துவிட்டார்கள். நான் விடவில்லை. 'ஒரு விதிவிலக்கு கொடுத்தால் அது பாம்புப் புற்று. முதலில் ஒன்று நுழையும், பிறகு குடும்பத்தோடு வரும்' என்று முழங்கினேன். கைதட்டல். தீர்மானத்துக்கு எல்லாரும் கை தூக்கினார்கள். பக்கத்து வீட்டு அக்கா ஒரு கைக்கு இரண்டு கையாகத் தூக்கினார்.

அந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். வீட்டில் மூன்று பெரிய கிரைண்டர் போட்டு இட்லி மாவு ஆட்டி, சுற்று வட்டாரக் கடைகளுக்கெல்லாம் பாக்கெட் போடுகிறவர். ஊர் பாதி காலையில் சாப்பிடுவது அவர் மாவைத்தான். அந்த வருஷம் அவர் வீட்டு போர் வற்றிவிட்டது. லாரித் தண்ணீர் வாங்கி ஆட்டினார். அது உப்பு, மாவு மதியத்துக்குள் புளித்துப் பொங்கியது. பாக்கெட்டுகள் திரும்பி வர ஆரம்பித்தன. புதிதாக போர் போட்டால்தான் தொழில் பிழைக்கும் என்ற நிலை.

மே மாதம் பாதியில் ஒருநாள் கடையில் இருந்தபோது மாப்ளயிடமிருந்து போன்.

"மாமா! வந்துட்டாய்ங்க! துளை போடுற வண்டி, பெரிய மெஷினு. நம்ம பயலுகள வச்சு மறிச்சு நிப்பாட்டிட்டேன். நீங்க வாங்க!"

வாழ்க்கையில் ஒரு தடவையாவது இப்படி ஒரு போன் வர வேண்டும். முதலாளியிடம் போய், "எங்க ஊருக்கு எண்ணெய்க் கம்பெனி வந்திருக்கு, நிறுத்தப் போறேன்" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். அலமாரியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தையும் எடுத்துக்கொண்டேன். என்ன புத்தகம் என்று பார்க்கவில்லை. கையில் கனம் இருந்தால் போதும் என்று தோன்றியது. (பிறகு பார்த்தபோது அது வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம்.)

ஸ்கூட்டரை விரட்டி ஊருக்குள் நுழைந்தேன். கூட்டம் தெரிந்தது. கூட்டம் என் வீட்டுத் தெருவில் தெரிந்தது. இன்னும் நெருங்கினால், என் வீட்டுக்கு அடுத்த வீட்டு வாசலில் ஒரு போர் வண்டி நின்றுகொண்டிருந்தது. துளை போடுவதற்கே பேர்போன திருச்செங்கோட்டு வண்டி. அதற்குக் குறுக்கே மாப்ளயின் ஷேர் ஆட்டோ. ஆட்டோவுக்கு முன்னால் இடுப்பில் கைவைத்தபடி அக்கா.

"வாங்க தம்பி. ஒங்களுக்காகத்தான் வெயில்ல நிக்கிறோம்" என்றார்.

மாப்ள என் காதருகே வந்து, "எந்த நோக்கத்துக்காகவும்னு போட்டிருக்கீகள்ல மாமா? அக்கான்னு பாத்தா நாளைக்கு அவன் வருவான். நீங்கதான சொன்னீக, பாம்புப் புத்துன்னு" என்றான். அவன் முகத்தில் இருந்த விசுவாசத்தைப் பார்த்துவிட்டு, புத்தகத்தை ஸ்கூட்டர் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.

ஊராட்சிக் கிளார்க்கைக் கூப்பிட்டோம். அவர் நல்ல மனிதர், ஆனால் ஆடிட் என்ற சொல்லைக் கேட்டாலே வியர்ப்பவர். "போருக்கு அனுமதி நாங்கதான் சார் கொடுக்கணும். ஊரே கைதூக்கின தீர்மானம் இருக்கையில கொடுத்தா என் தலைதான் உருளும். வேணும்னா ஐந்நூறு மீட்டருக்கு வெளியில போடச் சொல்லுங்க" என்றார்.

சரி என்று மாப்ள டேப்பை எடுத்துக்கொண்டு பயல்களோடு கிளம்பினான். வண்டிக்காரர்கள் நிழலில் உட்கார்ந்து பீடி குடித்தார்கள். போனவர்கள் வெகுநேரம் கழித்து வந்தார்கள். ஊர் எல்லைக்குள் எந்த வீட்டிலிருந்தும் ஐந்நூறு மீட்டர் தள்ளியிருக்கும் இடம் இரண்டே இரண்டுதானாம். ஒன்று கண்மாயின் நட்டநடு. இன்னொன்று சுடுகாட்டின் பின்பக்கம்.

"சுடுகாட்டுல போர் போட்டு மாவு ஆட்டச் சொல்றீகளா தம்பி?" என்றார் அக்கா. "பாக்கெட்டுல ஒங்க போட்டோவப் போட்டு விக்கிறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. வண்டிக்காரர் எழுந்து, அடுத்த ஊரில் ஆள் காத்திருக்கிறார்கள் என்று சொல்லி வண்டியைத் திருப்பினார். அந்தக் கோடையில் ஒரு போர் வண்டி கிடைப்பது கல்யாண மண்டபம் கிடைப்பதைவிடக் கஷ்டம். அது தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்த அக்கா, என் பக்கம் திரும்பி மெதுவாகத்தான் சொன்னார்: "நானும்தான் தம்பி கையத் தூக்குனேன். நீங்க என்ன எழுதிருக்கீகன்னு எனக்கென்ன தெரியும்? ஒங்கள நம்பித்தான் தூக்குனேன்."

அவர் கத்தித் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டுத் தாலுகா ஆபீசுக்குப் போனேன். தீர்மானம் எண்ணெய்க் கிணற்றுக்குத்தான், தண்ணீர்க் கிணற்றுக்கு இல்லை என்று யாராவது பெரியவர் ஒருவரி எழுதிக் கொடுத்தால் போதும். அங்கிருந்த அதிகாரி என் தீர்மானத்தை நிதானமாகப் படித்தார். "தமிழ் நல்லா இருக்கு" என்றார். பிறகு விளக்கினார். எண்ணெய், கேஸ் எடுப்பதற்கு அனுமதி கொடுப்பது டெல்லியும் சென்னையுமாம். ஊர் தீர்மானம் போட்டால் மக்கள் கருத்து என்று கோப்போடு சேர்த்து வைப்பார்களாம். அதற்கு மேல் அது எதையும் தடுக்காது. ஆனால் வீட்டு போர் ஊராட்சியின் அதிகாரத்தில் வருகிறது.

"அதனால ஒங்க தீர்மானம் நிறுத்தக்கூடியது தண்ணி போரை மட்டும்தான் சார். அதை நல்லா நிறுத்தும்" என்றார். தீர்மானத்தை மாற்ற வேண்டுமானால் சபையைத் திரும்பக் கூட்டச் சொல்லி அனுப்பிவைத்தார்.

யானைக்குப் பொறி வைத்துப் பக்கத்து வீட்டுப் பசுவைப் பிடித்திருக்கிறேன். யானை அந்தப் பொறியைத் தாண்டிப் போகுமாம். அதற்கு அது தடையே இல்லையாம்.

வீட்டுக்கு வந்தால் காம்பவுண்டு சுவர் மேல் ஒரு பச்சை ஓஸ் கிடந்தது. ஒரு முனை எங்கள் தொட்டியில், மறுமுனை அக்காவின் வீட்டுக்குள். "புது போர் போடுற வரைக்கும் நம்ம தண்ணிதான் அவுகளுக்கு. நான்தான் சொன்னேன்" என்றாள் மனைவி. என்னை யாரும் கேட்கவில்லை. கேட்கும் நிலையில் நானும் இல்லை. எங்கள் போரும் இளைத்த போர்தான். மூன்று கிரைண்டரைத் தாங்காமல் அது இரும ஆரம்பித்தது. ஒரு வாரத்தில் மோட்டார் போட்டால் தண்ணீரைவிடக் காற்று அதிகம் வந்தது. அரை வாளியில் குளித்துவிட்டுக் கடைக்குப் போனேன். அக்கா ஒரு கிரைண்டரை நிறுத்தினார். பிறகு இன்னொன்றை. பழைய கடைகள் சில, சமயநல்லூரிலிருந்து வேறு மாவு வாங்க ஆரம்பித்துவிட்டன. சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் குறையக் குறைய எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஊராட்சித் தலைவரைக் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி, ஜூனில் சிறப்புக் கிராம சபை கூட்டவைத்தேன். அதே வேப்பமரம். என் தீர்மானத்தை எதிர்த்து நானே பேச வேண்டும். பேசினேன். உடனே மாப்ள எழுந்தான். போன தடவை நான் பேசியதை ஒரு சொல் விடாமல் எனக்கே திருப்பிச் சொன்னான். என்னைவிட நன்றாகவும் சொன்னான்.

"மாமா அன்னிக்குச் சொன்னது சரியா, இன்னிக்குச் சொல்றது சரியா? தண்ணின்னு ஒரு வழிய விட்டா, அவனும் தண்ணி பாக்குறேன்னுதான வருவான்?"

அதில் நியாயம் இருந்தது. அதுதான் பிரச்சினையே. அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார்: "ஏன்டா, தண்ணிக்குன்னு வாரவன் வீட்டுக்காரன் கூப்பிட்டுத்தான வாரான்? என் வாசல்ல வந்தவன நான் கூப்பிட்டேன். அந்தக் குச்சிக்காரன யாரு கூப்பிட்டா?"

மாப்ள தலையைச் சொறிந்தான். அதன்பிறகு அரை மணி நேரம் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அந்தச் சத்தத்துக்குள் கிளார்க் குனிந்து அரைவரி எழுதி முடித்துவிட்டார்: குடிக்கவும் வீட்டுத் தொழிலுக்கும் விவசாயத்துக்கும் வீட்டு, நிலச் சொந்தக்காரர் தாமே போடும் போர் நீங்கலாக. அதற்கு முன்னுரையாக ஒரு பத்தி சேர்க்கலாமே என்று நான் ஆரம்பித்தேன். "வேணாம் சார்!" என்றது சபை. அவ்வளவு ஒற்றுமையை எங்கள் ஊரில் நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

போர் வண்டி மறுபடி கிடைக்க மேலும் சில நாட்கள் ஆயின. வந்த அன்று காலையிலேயே துளை போட ஆரம்பித்தார்கள், என் படுக்கையறை ஜன்னலுக்கு நேரே. இரைச்சல், அதிர்வு, தூசி என்று நான் எழுதியிருந்தேன் அல்லவா? எழுதினேனே தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. அலமாரியில் டம்ளர்கள் தானாக நடந்தன. பேசினால் எனக்கே கேட்கவில்லை. வெள்ளைப் புழுதி ஜன்னல் இடுக்கு வழியாக வந்து சோற்றில் விழுந்தது. ஹாலில் புதிதாக ஒரு விரிசல். மனைவியின் தலை ஒரே நாளில் நரைத்துவிட்டது போலிருந்தது. அதைச் சொல்லி அதற்கும் வாங்கிக்கட்டிக்கொண்டேன். ஒருநாள் வேலை, அதுவும் நாங்களே கூப்பிட்ட வண்டி, தண்ணீருக்காக. இதுவே கூப்பிடாத வண்டியாக மாதக்கணக்கில் நின்றால் என்று நினைத்துப் பார்த்தேன். தீர்மானத்தின் மேல் எனக்கு முதல் முறையாக நிஜமான நம்பிக்கை வந்தது அப்போதுதான்.

மதியம் வரை வெறும் புழுதிதான். அக்கா புடவைத் தலைப்பைக் கடித்தபடி குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பொழுது சாயும் நேரத்தில் புழுதி நிறம் மாறியது. ஈரமாகச் சேறு வந்தது. பின்னால் நின்ற ஒருவர் பதற்றத்தில் பீடியைப் பற்றவைக்கத் தீக்குச்சியை உரசினார். "அணைங்கண்ணே! கேஸு கீஸு வந்துறப்போகுது!" என்று மாப்ள அலறிய அலறலில் பாதிக் கூட்டம் என் வீட்டுக்குள் ஓடிவந்துவிட்டது. அந்தச் சமயத்தில்தான் தண்ணீர் பீறிட்டது. போர் வண்டியின் மேல், அக்காவின் மேல், ஷேர் ஆட்டோவின் மேல். அக்கா கையில் பிடித்து வாயில் விட்டுப் பார்த்தார். "உப்பில்ல தம்பி" என்று என்னிடம்தான் முதலில் சொன்னார்.

மறுநாள் காலை சுவருக்கு அந்தப் பக்கம் மூன்று கிரைண்டரும் ஓடின. கொஞ்ச நேரத்தில் சுவர் மேல் ஒரு மாவுப் பாக்கெட் வந்து உட்கார்ந்தது.

குச்சி அடித்தவர்கள் இன்றுவரை திரும்பி வரவில்லை. சிவப்புத் துணிகளை ஆடுகள் தின்றுவிட்டன. நம் தீர்மானத்துக்குப் பயந்துதான் அவர்கள் வரவில்லை என்று மாப்ள ஷேர் ஆட்டோவில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்கிறான். நான் மறுப்பதில்லை. வந்தால் மறிப்பதற்கு ஆட்டோவும் அவனும் வேண்டுமே. நானும் கூட நிற்பேன், புத்தகம் இல்லாமல்.

ஊரில் இன்னும் மனு, கடிதாசி என்றால் என்னிடம்தான் வருகிறார்கள். எழுதிக் கொடுக்கிறேன். ஆனால் 'எவரும், எந்த' என்று பேனா தானாக ஓட ஆரம்பிக்கும்போதெல்லாம், எழுந்து போய்க் குழாயைத் திறந்து, தண்ணீர் வருகிறதா என்று ஒருதரம் பார்த்துவிட்டு வந்துதான் அடுத்த சொல்லை எழுதுகிறேன்.