கணீரென்ற வாசிப்பு

நாகலாபுரத்துக்குப் பக்கத்தில் எங்களுடையது இரண்டே ஆசிரியர்கள் உள்ள தொடக்கப்பள்ளி. நானும், வயதில் மூத்த தலைமையாசிரியரும்தான். கோவில்பட்டியில் பயிற்சி என்று தகவல் வந்தால் போதும், சாருக்கு முகம் கடுத்துவிடும். போவார், கையெழுத்துப் போடுவார், கடைசி வரிசையில் கண்ணை மூடிக்கொள்வார். சாக்பீஸே பிடிக்காதவர்களெல்லாம் நமக்குச் சொல்லித்தர வந்துவிட்டார்கள் என்று பஸ்ஸில் பொருமிக்கொண்டே வருவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் மனுஷன் தங்கம். ஒரு பிள்ளை வராவிட்டாலும் வீடு தேடிப் போய் நிற்பார். அவரோடு எப்படிச் சண்டை போடுவது?

பாடம் நடத்த அவருக்குத் தெரிந்தது ஒரே வழி. அவர் ஒரு வரி சொல்வார், வகுப்பே சேர்ந்து திருப்பிச் சொல்லும். தெருக்கோடி வரை கேட்கும். புது வரியைக் கொடுத்து ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக வாசிக்கச் சொல்லுங்கள் என்று பயிற்சியில் தலைபாடாக அடித்துக்கொண்டார்கள். நானும் சொல்லிப் பார்த்தேன்.

"எம் பிள்ளைக எல்லாம் கணீர்னு வாசிக்குது. ஒங்களுக்குக் காது கேக்கலையா டீச்சர்?" என்றார்.

அப்படிச் சேர்ந்து சொல்கிற பிள்ளைகளிலேயே பெரிய குரல், ஆடு வளர்க்கிற வீட்டுப் பெண் ஒருத்தியுடையது. ஐந்தாம் வகுப்பு முடித்து, பெரிய பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு சேர்ந்தாள். கொஞ்ச நாளிலேயே அவளுடைய அம்மா அவளை இழுத்துக்கொண்டு எங்களிடம் வந்து நின்றாள். இனிமேல் படிக்கவே போகமாட்டேன் என்கிறாளாம். இவளும் என்னை மாதிரி ஆட்டுக்குப் பின்னால்தான் அலைய வேண்டுமா, நீங்களே புத்தி சொல்லுங்கள் சார் என்று அழுதாள்.

சார் சிரித்தபடி பழைய ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தை விரித்துக் கொடுத்தார். அவள் விரலை ஓட்டி முதல் பாடத்தைத் தடங்கலே இல்லாமல் வாசித்தாள். நான் எட்டிப் பார்த்தேன். விரித்திருந்தது வேறு பாடம். சாரும் பார்த்துவிட்டார். விரலுக்குக் கீழே இருந்த ஒரு சொல்லைக் காட்டி, இதை மட்டும் சொல்லு தாயி என்றார். அவளுக்குத் தெரியவில்லை.

"பாடம் முழுக்கச் சொல்லுதேனே சார். பெறவு ஏன் அங்கன எல்லாரும் சிரிக்காவ?"

 சார் அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை. நான் சொன்னதுதான் நடந்தது. ஆனாலும் அதைச் சொல்லிக்காட்ட எனக்கு மனசு வரவில்லை.

அடுத்த பயிற்சியில் சார் முதல் வரிசையில் உட்கார்ந்தார். பயிற்சி கொடுக்க வந்திருந்த, தன் மகள் வயதுப் பெண்ணிடம் எழுந்து நின்று சந்தேகம் கேட்டார். எழுத்து அட்டைகளைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு அந்தப் பிள்ளை ஆடு மேய்க்கிற காட்டுக்கு நடந்தார்.

"தாயி, இனிமே ஒனக்குத் தனியாச் சொல்லித் தாரேன். யாரும் சிரிக்க மாட்டாவ," என்று தூரத்திலிருந்தே கூப்பிட்டார்.

அவர் கையில் இருந்த அட்டைகளைப் பார்த்ததும் அவள் ஆடுகளை அப்படியே போட்டுவிட்டு ஓடிவிட்டாள். அவள் திரும்பி வருகிற வரைக்கும், ஆடுகள் யாருடைய பருத்தி வயலுக்குள்ளும் இறங்கிவிடாமல் சார்தான் மறித்துக்கொண்டு நின்றார்.