பூட்டில்லாத ஸ்டோர்

ஞாயிறு, காலை 6.40. பதுளை பேருந்து நிலையத்திலிருந்து கொழும்பு பஸ் புறப்பட்டது. பெரகல வரை டிக்கெட் எடுத்தேன். கமெராப் பை மடியில் இருந்தது. அதை வீட்டில் விட்டுவிட்டு வரலாமா என்று முதல் நாள் முழுவதும் யோசித்தேன். ஆனால் அதற்குள் அச்சிட்டு வைத்திருந்த படங்களுக்காகத்தான் இந்தப் பயணமே.

நான் யாழ்ப்பாணத்தவன். ஆறு வருடமாகப் பதுளையில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். விடுமுறை நாட்களில் மூடிக்கிடக்கும் தொழிற்சாலைகளைத் தேடிப்போய்ப் படம் எடுப்பது என் வழக்கம். காகித ஆலை, ஓட்டுச் சூளை, ஊவா மாகாணத்தின் கைவிடப்பட்ட தேயிலை ஸ்டோர்கள். தேயிலைத் தொழிற்சாலையை இங்கே ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். துருவும் பாசியும் படத்தில் மிக அழகாக விழும். அந்த அழகுக்காகவே நிறையப் பேர் என் முகநூல் பக்கத்தைத் தொடர்ந்தார்கள்.

போன வருடம் மாசியில் இதே பாதையில்தான் வந்தேன். பெரகல சந்தியில் இறங்கி, கொஸ்லந்தப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி, இடையில் ஓரிடத்தில் இறங்கி நடந்தேன். அந்தத் தோட்டத்தின் பெயரையும் திரும்பும் வழியையும் அப்போது விவரமாக எழுதினேன். இம்முறை எழுதப்போவதில்லை. ஏன் என்பது இன்னும் சிறிது தூரத்தில் தெரியும்.

அன்று ஸ்டோருக்குக் காவலாக இருந்தவர் மருதமுத்து. ஐம்பத்தைந்து வயதிருக்கும். அனுமதிக் கடிதம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பாவம், பதுளையில இருந்து வந்திருக்கீங்க" என்று பூட்டைத் திறந்துவிட்டார். உள்ளே கொழுந்து வாட்டும் மாடி பாதி இடிந்திருந்தது. அடுப்பின் வாயில் பன்னச் செடி முளைத்திருந்தது. கீழே ஐந்து ரோலர்கள் வரிசையாக நின்றன. அவற்றின் மேசைகளில் கொழுந்தை உருட்டுவதற்காகப் பதித்த பித்தளைப் பட்டைகள் பிறை வடிவில் கறுத்துக் கிடந்தன. மருதமுத்து தன் சட்டைக் கையால் ஒன்றை அழுத்தித் துடைத்தார். "இப்ப எடுங்க சேர், பளபளன்னு வரும்." சாவிக்கொத்தைக் கையில் வைத்தபடி பக்கத்தில் நின்று சிரித்தார். அதுதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த படம். 'இன்னும் மின்னும் பித்தளை' என்று தலைப்புப் போட்டு, தோட்டப் பெயரோடு பதிவிட்டேன். யார் யாரோ பகிர்ந்தார்கள். நான் அடுத்த இடம் தேடிப் போய்விட்டேன்.

மூன்று வாரங்களுக்கு முன், முகநூலில் நான் திறந்தே பார்க்காத செய்திகளுக்கிடையே ஒன்றைக் கண்டேன். எழுதியவர் மருதமுத்துவின் மகள் யோகேஸ்வரி, பண்டாரவளையில் புடவைக் கடையில் வேலை செய்பவர். "சேர், அந்த போட்டோவை எடுத்துவிடுங்கள். அதைப் பார்த்து வந்து ஸ்டோரை உடைத்துவிட்டார்கள். அப்பாதான் விற்றார் என்று வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள்." செய்தி வந்து மாதக்கணக்காகியிருந்தது. படத்தை உடனே அகற்றினேன். பிறகு அவருக்குத் தொலைபேசியில் பேசினேன். திங்கட்கிழமை அப்புத்தளையில் கம்பனி விசாரணை என்றார்.

காலை 9.15. பெரகல சந்தி. மலை முழுக்கப் பனி. வாழைக்குலைக் கடைகள் அப்போதுதான் திறந்துகொண்டிருந்தன. அடுத்த பஸ் வர அரை மணி நேரம். இறங்கிய இடத்திலிருந்து தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு இரண்டு கிலோமீற்றர் ஏற்றம். ஆட்டோக்காரர் ஐந்நூறு ரூபாய் கேட்டார். நடந்தேன். சீக்கிரம் போய்ச் சேர எனக்கு விருப்பமில்லை.

லய வாசலில் மருதமுத்துவின் மனைவி லெட்சுமி விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். யார் என்று சொன்னதும் நிமிர்ந்தார். வாங்க என்று சொல்லவில்லை.

"எங்க போடப் போறீங்கன்னு அன்னைக்கு ஒரு வார்த்த சொன்னீங்களா சேர்? சும்மா பொழுதுபோக்குக்குத்தான் எடுக்கிறீங்கன்னு இந்த மனுசன் நெனச்சிட்டாரு. இப்ப லயம் பூராவும் களவாணி குடும்பம்ங்கிறாங்க. மக கல்யாணப் பேச்சும் நின்னுபோச்சு."

உள்ளேயிருந்து மருதமுத்து வந்தார். மெலிந்திருந்தார். "உள்ள வரச்சொல்லு" என்றார். நடந்ததை அவரே சொன்னார். லெட்சுமியைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போன ஒரு பகல் பொழுதில் கீழ்ப் பாதையால் லொறி வந்திருக்கிறது. பித்தளை, செம்புக் கம்பி, மோட்டர் எல்லாம் போய்விட்டன. அவர் பல வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விற்றார் என்பது கம்பனியின் குற்றச்சாட்டு.

நான் படங்களை எடுத்து வைத்தேன். ஒவ்வொன்றிலும் திகதி இருந்தது. களவுக்கு ஆறு வாரம் முன்னர் ஐந்து ரோலர்களிலும் பித்தளை முழுதாக இருந்ததற்கு அவையே சாட்சி. ஆனால் வெளியாள் ஒருவனை அனுமதியில்லாமல் உள்ளே விட்டதற்கும் அவையே சாட்சி.

"நான் பின்பக்கத்தாலை களவாய்ப் பூந்தன் எண்டு சொல்லுறன். நீங்கள் நிக்கிற படத்தை விட்டிட்டு மற்றதுகளை மட்டும் குடுப்பம்" என்றேன்.

மருதமுத்து தன் படத்தைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார்.

"வேணாம் சேர். ஒரு பொய் சொன்னா எல்லாத்தையும் பொய்யிம்பாங்க. வேல போனா போகுது. நான்தான் தொறந்தேன்னே சொல்லுவோம்."

லெட்சுமி எழுந்து அடுப்படிக்குப் போனார். சிறிது நேரத்தில் எனக்கும் ஒரு கோப்பை பிளேன்டீ வந்தது.

பிற்பகல் நானும் மருதமுத்துவும் ஸ்டோர்வரை நடந்தோம். கதவு இல்லை. கூரைத் தகரங்களையும் கழற்றியிருந்தார்கள். ரோலர் மேசைகளில் ஆணித் துளைகள் மட்டும் இருந்தன, அவற்றில் மழைநீர் தேங்கியிருந்தது. "எடுக்கிறதுன்னா எடுங்க சேர். இப்ப பூட்டு இல்ல" என்றார். குத்திக் காட்டவில்லை, உள்ளதைச் சொன்னார். கைப்பழக்கத்தில் ஒன்று எடுத்தேன். வெற்றுக் கட்டடத்தில் கமெராவின் 'கிளிக்' சத்தம் பெரிதாகக் கேட்டது. அதற்குப் பிறகு கமெராவை வெளியில் எடுக்கவில்லை. அந்தப் படத்தை யாருக்கும் காட்டவுமில்லை.

இரவு அப்புத்தளையில் ஒரு விடுதியில் தங்கினேன். அறை மூவாயிரம். தூங்கவில்லை.

திங்கள், காலை 10. கம்பனி அலுவலகம். விசாரணை அதிகாரி நடுத்தர வயதுக்காரர், தட்டுத்தடுமாறித் தமிழ் பேசினார். படங்களை ஒன்றொன்றாகப் பார்த்து, திகதிகளைக் குறித்துக்கொண்டார். கடைசிப் படத்தைத் தூக்கி மருதமுத்துவிடம் காட்டினார்.

"இது நீதானே?"

"ஆமாங்க."

"யார் கதவு தொறந்தது?"

"நான்தாங்க. சேர் கேட்டாரு, தொறந்தேன்."

"கம்பனிய கேக்காம?"

"ஆமாங்க. கேக்காமத்தான்."

நானும் சொன்னேன், பிழை என்னுடையது என்று. அவர் என்னைப் பார்க்காமலே எழுதிக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தோம். பிறகு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. மருதமுத்து அதை என்னிடம் நீட்டினார். வாசித்துத் தமிழில் சொன்னேன். பொருட்களை அவர் விற்றார் என்ற குற்றச்சாட்டு கைவிடப்படுகிறது. அனுமதியின்றி வெளியாளை உள்ளே விட்டதற்காக வேலையிலிருந்து நீக்கப்படுகிறார்.

"இதுல களவுன்னு எங்கயாச்சும் போட்டிருக்கா?"

"இல்லை."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க சேர்."

மறுபடி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தேன். "இல்லை" என்றேன்.

அவர் கடிதத்தை வாங்கி, எதிரே இருந்த கடையில் இரண்டு பிரதி எடுத்தார். ஒன்று மாப்பிள்ளை வீட்டுக்கு, மற்றது தோட்டத் தலைவருக்கு. மூலத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். இருபத்தெட்டு வருடம் அந்த ஸ்டோரில் வேலை. முதல் இருபது வருடம் ரோலரில், பிறகு காவலில். இனி என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். வெலிமடையில் லீக்ஸ் மரக்கறித் தோட்டத்துக்கு ஆள் கேட்கிறார்கள், இப்படியே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார்.

பஸ் நிலையத்தில், "என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன்.

அவர் பாதையைப் பார்த்தார். "பஸ் வருது சேர்" என்றார். ஏறினார். ஜன்னலோரம் இடமிருந்தும் உள்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்.

பிற்பகல் 2.20க்குப் பதுளை பஸ் கிடைத்தது. பண்டாரவளை தாண்டியதும் மழை. வீட்டு நினைவு வந்தது. எங்கள் வீடு வடக்கே கடற்கரையோரம். இடம்பெயர்ந்து இருபது வருடத்துக்கு மேல் அங்கே போக முடியவில்லை. இராணுவம் காணியை விடுவிப்பதற்கு முன்பே யாரோ ஒருவர் அதைப் படமெடுத்து இணையத்தில் போட்டிருந்தார். கூரையில்லாத அறை, நடுவே ஆலமரம், சுவரில் மாலை வெயில். நல்ல படம். ஆயிரம் பேர் அழகு என்று எழுதியிருந்தார்கள். அம்மாவுக்குக் காட்டினேன். அவ போனைக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, "உது எங்கட சாமியறையெல்லே" என்றா. பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டா.

நான் அன்றைக்கு, எவ்வளவு நல்ல வெளிச்சம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.