நான்காம் வகுப்பின் பந்தி

எங்கள் தலைமையாசிரியையின் தங்கை குடும்பத்தோடு ஜப்பானில் இருக்கிறார். ஒரு கோடை விடுமுறைக்கு அங்கே போய்விட்டு வந்த தலைமையாசிரியை, பள்ளி திறந்த முதல் வாரமே எங்களையெல்லாம் ஆசிரியர் அறையில் உட்காரவைத்துத் தன் மொபைலில் ஒரு வீடியோ காட்டினார். வெள்ளைத் தொப்பியும் ஏப்ரனும் போட்ட சின்னப் பிள்ளைகள் மதிய உணவை வண்டியில் தள்ளிக்கொண்டு வகுப்புக்கு வருகிறார்கள். வரிசையில் வரும் மற்றப் பிள்ளைகளின் தட்டில் அவர்களே பரிமாறுகிறார்கள். எல்லோருக்கும் கிடைத்த பிறகு ஆசிரியரும் அவர்களோடு உட்கார்ந்து அதையே சாப்பிடுகிறார்.

"நம்ம பிள்ளைகளும் இது செய்யும், இல்லே? நாலாம் கிளாஸில் தொடங்கலாம்" என்றார். அவர் மலையாளி. எங்களோடு பேசிப் பேசியே தமிழ் பழகியவர். நாலாம் கிளாஸ் என்றால் தமிழ்வழி வகுப்பு, அதாவது நான்.

கிழக்கேகோட்டையிலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் பள்ளி. கோட்டைக்குள்ளிருந்து வரும் பிள்ளைகள் சிலர். நாகர்கோவில், தென்காசிப் பக்கத்திலிருந்து ஹோட்டல் வேலைக்கும் கட்டட வேலைக்கும் வந்தவர்களின் பிள்ளைகள் நிறைய. மதியச் சாப்பாட்டைச் சமைப்பதும் போடுவதும் நாங்கள் சேச்சி என்று கூப்பிடும் ஒரு மலையாள அக்கா.

வீடியோவில் பார்த்தபடியே செய்வது என்று முடிவானது. ஏப்ரனுக்குப் பழைய துண்டுகள். தொப்பிக்கு வழியில்லாமல் சாலைக் கடைவீதியில் பிளாஸ்டிக் குளியல் தொப்பிகள் வாங்கி வந்தேன். அதைப் போட்டதும் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தவர்கள் நிறுத்தவில்லை. பெஞ்சின் மேல் வைத்த சாம்பார் வாளி அவர்கள் தோளுயரத்துக்கு வந்தது. கரண்டி பாதி தூரம் போவதற்குள் சாம்பார் என் புடவைக்கு வந்தது. பயறு பரிமாறியவன் தன் கூட்டாளிகளுக்கெல்லாம் குவித்துவிட்டதால், வரிசையின் வால் பகுதிக்குப் பயறே இல்லை. அங்கே நின்ற ஒருத்தி அழுதாள்.

சேச்சி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "டீச்சரே, ஞான் விளம்பியா எல்லார்க்கும் தெகையும்" என்றார். தான் பரிமாறியிருந்தால் எல்லோருக்கும் போதுமாக இருந்திருக்கும் என்கிறார். முகத்தில் வருத்தம் இருந்தது.

மறுநாள் வகுப்பில் என்ன செய்யலாம் என்று கேட்டேன். "நிக்கிறதுதான் பிரச்சனை டீச்சரே" என்றான் ஒருவன். "கல்யாணத்துல நாமளா வாளிகிட்ட போறோம்? எல்லாரும் பந்தியில இருந்தா, விளம்புறவங்க வருவாங்க."

அதன்பிறகு வராந்தாவில் பாய் விரித்தோம். பெரிய வாளி சமையலறையிலேயே இருக்கட்டும், சின்னத் தூக்குகளில் எடுத்து வருவோம் என்றார்கள். முதல் சுற்றில் எல்லோருக்கும் ஒரே அளவு, இரண்டாம் சுற்றில் கேட்டவர்களுக்கு. பரிமாறியவர்கள் கடைசியில் உட்காருவார்கள். முதலில் சாப்பிட்டு முடித்தவர்கள் கை கழுவிவிட்டு வந்து அவர்களுக்குப் போட வேண்டும். இதெல்லாம் அவர்களே பேசிப் பேசி வைத்த சட்டம். குளியல் தொப்பியை மட்டும் ஒருமனதாக நீக்கினார்கள்.

ஜப்பானில் சாப்பிடுவதற்கு முன் கைகூப்பி ஏதோ சொல்கிறார்களே, நாம் என்ன சொல்வது என்று பெரிய விவாதம் நடந்தது. எந்தப் பிரார்த்தனையைச் சொன்னாலும் யாராவது ஒருவர், எங்கள் வீட்டில் அது இல்லை என்றார். முடிவில் சமையலறையைப் பார்த்து, "சேச்சி, சாப்பிடுறோம்" என்று சேர்ந்து சொல்வதாக ஏற்பாடு. உள்ளேயிருந்து "கழிச்சோ மக்களே" என்று, சாப்பிடச் சொல்லிப் பதில் வரும். சேச்சிக்கு வருத்தம் போனது அன்றைக்குத்தான். அந்தப் பதில் வராமல் யாரும் தட்டில் கை வைப்பதில்லை.

எல்லாம் சரியாகப் போகிறது என்று நினைத்திருந்தபோது ஒரு காலையில் ஒரு மாணவியின் அப்பா வந்தார். பழவங்காடிப் பக்கம் ஒரு ஹோட்டலில் சப்ளையர். மகளை வகுப்புக்குள் அனுப்பிவிட்டு வாசலிலேயே நின்றார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். தப்பா நெனைக்கப்பிடாது. காலையில இருந்து நான் சாம்பார் வாளியோடதான் ஓடிட்டு இருக்கேன். எம்புள்ளையாவது இருந்து படிக்கட்டும்னுதான் இங்க சேத்தேன். இங்கயும் அவ கையில வாளியைக் குடுத்தா எப்படி?"

"ஜப்பான்ல எல்லாப் பிள்ளைகளும் செய்றாங்க" என்றேன்.

"அங்க உள்ள புள்ளைகளோட அப்பாமாரு சப்ளையரா இருக்க மாட்டாங்க, டீச்சர்."

பேச்சைக் கேட்டுத் தலைமையாசிரியை வெளியே வந்தார்.

"உங்க மோள் மாத்திரம் இல்லை. கோட்டைக்குள்ளே உள்ள ஆபீசர் மோனும் விளம்பும், டீச்சரும் விளம்பும், வெள்ளிக்கிழமை நானும் விளம்பும். லீவு உள்ள நாள் வந்து பாருங்க. அப்பவும் வேண்டாம்னு தோணினா சொல்லுங்க, நிறுத்தலாம்."

சொன்னபடி அந்த அப்பா தன் வார விடுமுறையன்று வந்தார். தூணோரம் நின்றவரைப் பந்தியின் கடைசியில் உட்காரச் சொன்னோம்.

"இல்லம்மா, நான் நிக்கேன்."

"நிக்க வேண்டாம். இருங்க" என்றார் தலைமையாசிரியை. அதற்குமேல் மறுக்க முடியாமல் உட்கார்ந்தார்.

அன்று சோறு அவர் மகளின் முறை. அப்பா என்று தனி அளவெல்லாம் கிடையாது. மற்றவர்களுக்குப் போட்டதையே போட்டுவிட்டு நகர்ந்தாள். அவர் குனிந்த தலை நிமிராமல் வேகவேகமாகச் சாப்பிட்டார். இரண்டாம் சுற்றில் வந்தவள் நின்று பார்த்தாள்.

"பையத் தின்னுங்கப்பா. இங்க அடுத்த பந்திக்குன்னு யாரும் எழுப்ப மாட்டாங்க."

பக்கத்தில் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டார். "அப்ப கொஞ்சம் சோறு போடு மக்களே" என்று தட்டை நகர்த்தினார்.

சாப்பிட்ட பிறகும் அவர் போகவில்லை. பரிமாறிய பிள்ளைகள் வரிசையாக உட்கார, அவர்களுக்கு மற்றவர்கள் போடுவதை நின்று பார்த்தார். நான் அருகே போனேன்.

"ஹோட்டல்ல எல்லாரும் போனப்புறம் நாங்க நின்னுகிட்டே தின்போம் டீச்சர்" என்றார். "இங்க வெளம்பினவங்களுக்கும் ஆளு வந்து போடுது. இது கொள்ளாம், நல்லாருக்கு."

நிறுத்தச் சொல்கிறாரா, தொடரச் சொல்கிறாரா என்று தலைமையாசிரியை கேட்டார். "அவ சாம்பார் தூக்கும்போ மட்டும் பாத்துக்கிடுங்க, சூடு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அடுத்த திங்கட்கிழமை அந்தப் பெண் வகுப்புக்குள் நுழையும்போதே என்னிடம் வந்தாள். ஞாயிறு ராத்திரி வேலை முடிந்து வந்த அப்பா, வீட்டில் அம்மாவை முதலில் உட்காரச் சொல்லி, தானே பரிமாறினாராம்.

"அம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"அம்மாவுக்கு நாணமா வந்துச்சு டீச்சரே. ஆனா ரெண்டு தடவை மீன் கேட்டு வாங்குனாங்க."