பதினாறு மாத மூட்டம்

கடதாசி எரிகிற மணம் எனக்கு ஆகாது. அயலில் யாராவது சருகோடு பழைய பேப்பரையும் சேர்த்துக் கொளுத்தினால் ஜன்னலை அடித்துச் சாத்திவிடுவேன். தொண்ணூற்றோராம் ஆண்டு ஐப்பசியில், புங்குடுதீவு மடத்துவெளியில், எங்கள் குசினி அடுப்பில் அண்ணையின் நாலு கொப்பிகளையும் நான்தான் கிழித்துக் கிழித்துப் போட்டு எரித்தேன். எரிக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை. அவரைக் கேளாமல் என் புத்தியில் செய்தது அது. அந்தப் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அண்ணை குறிகட்டுவான் துறையில் நயினாதீவு லோஞ்சுப் படகுக்கு டிக்கெட் கொடுப்பவர். வேலை முடிந்து வந்து தேத்தண்ணி குடித்ததும் ஒரு பழைய தூரக்கண்ணாடியோடு முற்றத்துக்கு இறங்கிவிடுவார். ஊரில் அவருக்கு ‘வெள்ளி எண்ணுறவர்’ என்று பெயர். அவர் எண்ணவில்லை. ஒளி கூடிக் குறைகிற நட்சத்திரங்கள் சில உண்டு. அவற்றைப் பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, இன்றைக்கு எவ்வளவு ஒளி என்று கண்ணால் மதிப்பிட்டு எழுதுவார். எண் கூடினால் ஒளி குறைவு. வெளிநாட்டுச் சங்கம் ஒன்று அதற்கான படங்களை அனுப்பியிருந்தது. அவற்றில் நட்சத்திரப் புள்ளிகளுக்குப் பக்கத்தில் ஒளியின் எண் இருக்கும்; ஆறு தசம் ஐந்தை அறுபத்தைந்து என்றே அச்சடித்திருப்பார்கள். நடுவில் புள்ளி வைத்தால் அதையும் ஒரு நட்சத்திரம் என்று யாராவது நினைத்துவிடுவார்களாம். அண்ணையும் அப்படியே எழுதினார்: தேதி, நேரம், நட்சத்திரத்தின் பெயராக இரண்டு ஆங்கில எழுத்து, ஓர் எண். மாத முடிவில் அவற்றைத் தாளில் பிரதி எடுத்து, ஒரு சின்னக் கடிதமும் வைத்துத் தபாலில் போடுவார். நான் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்தவள். கடிதத்தில் எழுத்துப் பிழை பார்ப்பது என் வேலை.

ஒருமுறை காய்ச்சலில் படுத்துக் கிடந்தார். இரண்டு நாள் கொப்பியில் வெறுமையாக இருந்தது; மூன்றாம் நாள்தான் போர்வையோடு முற்றத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து படுத்தார். “காய்ச்சலுக்கு முதலும் அறுபத்தாறு, இண்டைக்கும் அறுபத்தாறு. நடுவிலையும் அதைப் போடுங்கோவன், ஆருக்குத் தெரியப்போகுது?” என்றேன். போர்வையை உதறிக்கொண்டு எழும்பிவிட்டார். “காணாததை எழுதிறது களவடி. மூட்டமெண்டால் மூட்டம், வருத்தமெண்டால் வருத்தம். உள்ளதைத்தான் எழுதலாம்.” அதற்குப் பிறகு ஒரு கிழமை என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவருடைய செல்லம் தனுசு இராசியில் இருந்த ஒரு நட்சத்திரம். வருடக்கணக்கில் ஒரே அளவில் இருந்துவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் மங்கிப் போகும் சாதி அது. தான் கக்கும் புகையே தன்னை மூடிவிடுமாம். வடக்கு நாடுகளில் அது சரியாக எழும்பாது. அதனால் அதைப் பார்ப்பவர்கள் குறைவு. எண்பத்துமூன்றில் தொடங்கி ஏழு வருடம் அது மங்குவதற்காகக் காத்திருந்தார். தொண்ணூறு ஆனியில் சண்டை மறுபடி தொடங்கித் தபால் நின்றது. அடுத்த மாதம் ஒரு பொழுதுபட்ட நேரம், “பிள்ளை, விழுந்திட்டுது! எண்பத்தொண்டுக்கு விழுந்திட்டுது!” என்று முற்றத்தில் நின்று கத்தினார். பக்கத்து வீட்டு அக்கா கிணற்றடிக்கு ஓடி எட்டிப் பார்த்துவிட்டு வந்து திட்டினா. அது எப்படி விழுந்தது, அடியில் எத்தனை நாள் கிடந்தது, எப்படி மெல்ல மெல்லத் தெளிந்தது என்று எல்லாவற்றையும் அண்ணை எழுதினார். அனுப்ப வழியில்லாத தாள்கள் கடைசிக் கொப்பிக்குள் அடுக்காக இருந்தன. தபால் ஓடத் தொடங்கியதும் முதல் வேலை அதுதான் என்பார்.

பிறகு ஆமி தீவுக்குள் இறங்கப் போகுது என்ற கதை வந்தது. அண்ணை தூரக்கண்ணாடியைத் தென்னைக்கடியில் புதைத்துவிட்டு வள்ளம் பிடிக்கப் போனார். எங்கும் வீட்டுக்கு வீடு கடிதம், படம் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. பக்கத்து வீட்டு அக்கா வந்து, “துறையிலை வேலை செய்யிறவன் தேதியும் நேரமும் போட்டு இலக்கம் எழுதி வைச்சிருக்கிறான். கண்டால் என்ன நினைப்பாங்கள்? கடற்படைப் படகை எண்ணினதெண்டுதான் நினைப்பாங்கள். கொண்ணன் உனக்கு உயிரோடை வேணுமோ, வேண்டாமோ?” என்றா. நான் கொப்பிகளை அள்ளிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். ஒரு மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்தது.

மத்தியானம் வந்த அண்ணை அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“எல்லாத்தையுமோ?”

“ஓம் அண்ணை.”

“தாளுகளையும்?”

நான் அழத் தொடங்கினேன். “சரி, சரி. வெளிக்கிடு. விடிய வள்ளம்” என்றார்.

வழியில் ஒருவரும் எங்களைச் சோதிக்கவில்லை. அந்த நாலு கொப்பிகளும் அரிசிப் பையின் அடியில் கிடந்து பத்திரமாக வந்திருக்கும். இதை நினைக்காத நாள் எனக்கு இல்லை.

யாழ்ப்பாணத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தபோது, தபால் மறுபடி ஓடத் தொடங்கி, சங்கத்தின் கடிதம் வந்தது. எங்களோடு இடம்பெயர்ந்த தபால்காரர்தான் எங்களைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்து தந்தார். தனுசு நட்சத்திரம் அந்த முறை மங்கியதைப் பற்றித் தங்களிடம் பதிவு மிகக் குறைவு என்றும், உங்களிடம் இருந்தால் பேருதவி என்றும் எழுதியிருந்தார்கள். அண்ணை அதை இரண்டு தரம் வாசித்தார். கொஞ்சம் நினைவில் இருக்குமே, அதையாவது எழுதுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். பழைய காய்ச்சல் நாள் ஞாபகம் வந்து, அதை விழுங்கிவிட்டு விளக்கைத் தூண்டிவிட்டேன். குப்பி விளக்கடியில் பதில் எழுதி, வழக்கம்போலப் பிழை பார்க்க என்னிடம் நீட்டினார். நாலு வரிதான். தபால் நின்ற பிறகான அந்தப் பதினாறு மாதமும் இங்கே வானம் மூட்டமாக இருந்தது, தன்னால் ஒன்றும் பார்க்க முடியவில்லை, மன்னிக்கவும் என்று இருந்தது.

“அண்ணை, என்னிலை பழியைப் போட்டு எழுதுங்கோ. நான் எரிச்சதெண்டு எழுதுங்கோ.”

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“எழுத்துப் பிழை இருந்தால் மட்டும் சொல்லு.”

இன்னொரு தரம் வாசித்தேன். ஒரு பிழையும் இல்லை என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.