எல்லாருக்கும் போன கடிதம்

அடுத்த அறையில் அச்சு இயந்திரம் மறுபடி கறகறத்தது. வெர்னா கடித்த ரொட்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். காலையிலிருந்து எத்தனையாவது ஓட்டமோ!

இதுவும் வசவுதான். “இந்தப் பெண்ணுக்கு இங்கிதமே கிடையாதா?” சிகாகோவிலிருந்து யாரோ.

பதினோரு வருஷமாக, அமெரிக்காவின் டுலூத் ஊரில் எங்கள் கல்லூரிக் கம்ப்யூட்டர் அறையைக் கட்டிக் காத்தவள் வெர்னா. புதிதாக வருபவர்களிடம் அவள் முதலில் சொல்வது: “கேட்காம எல்லாருக்கும் கடிதம் அனுப்பாதீங்க.” கம்ப்யூட்டர் கடிதங்கள் போக ஊருக்கு ஊர் ஒரே கம்பி, ஒரு கடிதம் போனால்தான் அடுத்தது நகரும்.

அந்த வெர்னாதான் நேற்று தொள்ளாயிரம் இடங்களுக்குக் கேட்காமல் அனுப்பிவிட்டாள். தங்கை ஆர்டிஸுக்கு நாளை அறுவை சிகிச்சை. அவளுடையது அபூர்வ ரத்தம், ஆஸ்பத்திரியில் இல்லை; அதே ரத்தம் உள்ளவர்கள் அங்கே வந்து தருவீர்களா என்று கேட்டிருந்தாள். ‘பதிலை எனக்கு மட்டும் போடுங்கள்’ என்ற வரியைப் பதற்றத்தில் மறந்துபோனாள். திட்டியவர்கள் எல்லாருக்கும் அனுப்பித் திட்டினார்கள். திட்டாதே என்றவர்களும் எல்லாருக்கும் அனுப்பினார்கள். கம்பி அடைத்துக்கொண்டது.

தொப்பியில் பனியோடு உள்ளே வந்தார், மாநிலத்துக் கம்பிகளையெல்லாம் கவனிக்கும் லீலண்ட்.

“என்ன காரியம் பண்ணிட்ட வெர்னா? உன் லைனை வெட்டச் சொல்லி மேலிடத்துல உத்தரவு.”

“வெட்டுங்க! ஆர்டிஸோட உயிரையும் சேர்த்து வெட்டிடுங்க!” அவள் இயந்திரத்தை மறித்து நின்றாள். “பதில் ஒண்ணாவது அந்தக் குப்பைக்குள்ள இருக்கும், லீலண்ட்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

“நீங்க மறுத்திருந்தா?”

அவர் கோட்டோடு உட்கார்ந்து விசைகளைத் தட்டினார். எல்லாருக்கும் போகும் கடிதங்களைத் தடுத்து நிறுத்தினார். வெர்னா பெயருக்கு மட்டும் வருவதற்கு வழிவிட்டார். வெர்னா நகத்தைக் கடித்தபடி கதவுக்கும் இயந்திரத்துக்கும் நடந்தாள்.

கறகற. ஒரே ஒரு கடிதம்.

‘ஃபார்கோவிலிருந்து எழுதுகிறேன். எனக்கும் அதே ரத்தம். மற்றவர்களைத் தொந்தரவு செய்யாமல் உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். இப்போதே காரில் கிளம்புகிறேன்.’

தேதி, நேற்று மாலை நான்கு மணி.

“நேத்தே கிளம்பிட்டாரா!” வெர்னா ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். ஆமாம், காலையிலிருந்து ஒருவர் வரவேற்பறையில் காத்திருக்கிறாராம்.

அவள் குலுங்கி அழுதாள். லீலண்ட் எழுந்து கையை நீட்டினார்.

“அறைச் சாவியைக் குடு. மேலிடத்துல சொல்லிட்டாங்க, இனி நீ இங்க வேலை பார்க்க முடியாதும்மா.”

கொடுத்தாள்.

“மன்னிப்புக் கடிதம் எழுதணுமா?”

“எழுது. தயவுசெஞ்சு எல்லாருக்கும் அனுப்பிடாதே.”

அவர் போனார். கதவு மூடிக்கொண்டது.