உள்ளங்கையில் எழுதுகிறவர்

பூச்சோங் திடலில் என் மகளுக்குக் காற்பந்து பழக்கியவர், ஒரு காலத்தில் வேல்ஸ் நாட்டு அணியின் தடுப்பாட்டக்காரர். நல்ல உயரம், உடைந்து வளைந்த மூக்கு. காரை விட்டு இறங்கியதும் உள்ளங்கையில் பேனாவால் ஏதோ எழுதிக்கொள்வார்.

பிள்ளைகள் தலையால் பந்தை முட்டினால் உடனே விசில் ஊதி நிறுத்திவிடுவார். இரண்டு ஆட்டம் தோற்றோம்.

“நீங்க போய்க் கேளுங்கண்ணே, இப்படியே போனா தோத்துக்கிட்டேதான் இருக்கணும் லா” என்று மற்ற பெற்றோர் என்னை அனுப்பினார்கள்.

கேட்டேன். அவர் உள்ளங்கையை விரித்தார். ‘வெள்ளைக் கார், சாப்பாட்டுக் கடை பக்கம்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

“வந்த பந்தையெல்லாம் தலையால் அடித்தேன், நாடே கைதட்டியது. இப்போது இதை எழுதாவிட்டால் கார் கிடைக்காது” என்றார் ஆங்கிலத்தில். பிறகு சிரித்தபடி, “இதில் உங்கள் பிள்ளை யார்?” என்றார். மூன்று மாதமாக இதையே கேட்கிறார்.

அன்று மாலை வீட்டு வாசலில் டொக் டொக்கென்று சத்தம்.

“அப்பா, போன வாரம் நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே நெத்தியால அடிச்சேன். நாப்பது தடவ!”

மகளின் நெற்றியில் பந்தின் புழுதி வட்டமாக ஒட்டியிருந்தது. துடைத்துவிட்டேன்.

“காலையில என்னா சாப்பிட்ட, சொல்லு?”

அவள் கொஞ்சம் யோசித்தாள்.